கோட்டை கொட்டையான கதை



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் வகுப்புக்கு வந்தபோது, "தம்பி, நீ எதைப் பத்தி எழுதப் போறே?" என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கொட்டையைப் பத்தி எழுதச் சொல்லுங்கண்ணா!" வகுப்பே சிரித்தது. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டில் படிக்காதவர்களுக்கு இந்தச் சிரிப்பின் காரணம் தெரிய நியாயமில்லை. ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

போன வருஷம் நாங்கள் ஆலம்பரைக் கோட்டைக்கு ஒரு நாள் சுற்றுலா போனோம். மரக்காணத்துக்கு வடக்கே, கடப்பாக்கம் பக்கத்தில், கடலோரமாக இடிந்து கிடக்கிறதே, அந்தக் கோட்டைதான். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய், 1760-ல் ஆங்கிலேயர் பிடித்து இடித்த கோட்டை. பஸ்ஸின் முன்னால் கட்ட ஒரு துணி பேனர் வேண்டும் என்றார்கள். எங்கள் மாமா போர்டு எழுதும் ஆர்ட்டிஸ்ட் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நானும் ராத்திரி முழுக்க விழித்து, எட்டு இன்ச் உயரத்தில், இரண்டரை இன்ச் தடிப்பில், ஓரமெல்லாம் உருட்டி, 'ஆலம்பரைக் கோட்டை' என்று எழுதி முடித்தேன். கிட்டே நின்று பார்த்தால் கம்பீரமாகத்தான் இருந்தது. பஸ் கிளம்பி ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு டீக்கடையில் நின்றது. எதிர்ச்சாரியில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேனரைப் பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "ஏன் தம்பி, ஆலம்பரைக் கொட்டைன்னு போட்டிருக்கு, இன்னா கொட்டை அது? முந்திரிக் கொட்டையா, புளியங்கொட்டையா?"

ஓடிப்போய் எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அவர் சொன்னது சரி. 'கோ'வின் கொம்பில் மேலே ஒரு சுழி இருக்க வேண்டுமல்லவா, அந்தச் சுழியின் ஓட்டை பெயிண்டில் அடைபட்டு, தூரத்திலிருந்து சும்மா ஒரு மொட்டுப் போலத் தெரிந்தது. இரட்டைக் கொம்பு ஒற்றைக் கொம்பாகிவிட்டது. கோட்டை கொட்டையாகிவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வந்த பட்டப்பெயரை முழுசாக எழுதினால் மலர்க்குழு வெட்டிவிடும்.

பெரிய, தடித்த எழுத்துக்குத் தமிழில் ஏற்கெனவே 'கொட்டை எழுத்து' என்றுதான் பெயர். அந்தக் கொட்டை எழுத்தைப் பற்றித்தான் இக்கட்டுரை. பேனரோ, போர்டோ, பிளெக்ஸோ, நம் சங்க நோட்டீஸோ எழுதுகிற எல்லோருக்கும் இது உதவும் என்று நம்புகிறேன். பட்ட அவமானம் என்னோடு போகட்டும்.

முதலில் நமக்குத் தெரிந்த இடத்திலிருந்து போவோம். முதலாம் ஆண்டு இன்ஜினியரிங் டிராயிங்கில் லெட்டரிங் போட்டோம், ஞாபகம் இருக்கிறதா? 'ஏ' வகையில் கோட்டின் தடிப்பு உயரத்தில் பதினான்கில் ஒரு பங்கு. 'பி' வகையில் பத்தில் ஒரு பங்கு. அதாவது 14 மி.மீ. எழுத்துக்கு 1 மி.மீ. கோடு. அது மேசையில் வைத்துப் படிக்க வேண்டிய எழுத்து. ரோட்டில் போகிறவனை நிறுத்திப் படிக்க வைக்கும் எழுத்துக்கு அந்தத் தடிப்புப் போதாது. ஐந்தில் ஒரு பங்கு, நான்கில் ஒரு பங்கு என்று ஏற்ற வேண்டும். ஏற்றும்போதுதான் வம்பு ஆரம்பம்.

ஆங்கிலத்தில் இந்தத் தடித்த எழுத்துகளில் ஒரு தனி ஜாதி உண்டு. எழுத்தின் நுனிகளில் குறுக்காக ஒரு சிறு கோடு ஒட்டியிருக்கும், அதற்குப் பெயர் செரிஃப். பழைய அச்சு எழுத்துகளில் அந்தக் கோடு மயிரிழை போல மெல்லியதாக இருக்கும். அதையே பலகை மாதிரித் தடியாகப் போட்டால் 'ஸ்லாப் செரிஃப்'. சிவில் நண்பர்களுக்கு ஸ்லாப் என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை! பைக்கில் எழுதியிருக்கும் ஹோண்டா என்ற ஆங்கிலப் பெயரை நன்றாகப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்தும் பூட்ஸ் போட்ட மாதிரிக் கட்டையான பாதங்களோடு நிற்கும். ஐ.பி.எம்., சோனி பெயர்களும் அந்தக் குடும்பந்தான்.

இது பிறந்தது லண்டனில், 1815-17 வாக்கில். வின்சென்ட் ஃபிகின்ஸ் என்ற எழுத்து வார்ப்பவர் தன் மாதிரிப் புத்தகத்தில் போட்டார். லாட்டரிச் சீட்டு, நாடகம் என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டத் தொடங்கிய காலம். புத்தக எழுத்தைப் பெரிதாக்கி ஒட்டினால் கண்ணில் படவில்லை. நெப்போலியன் எகிப்துக்குப் போய் வந்த பிறகு அங்கே எகிப்து மோகம் ஆட்டிப் படைத்துக்கொண்டிருந்ததால், இந்தத் தடி எழுத்துக்கே 'எகிப்தியன்' என்று பெயர் விழுந்தது. பெரிய போஸ்டர்களுக்கு ஈய எழுத்து கனம் தாங்காது என்று அமெரிக்காவில் மர எழுத்துகள் வந்தன. 1827-ல் டேரியஸ் வெல்ஸ் என்பவர் சுழலும் ரூட்டரால் மர எழுத்து வெட்டத் தொடங்கினார். 1845-ல் லண்டனில் ராபர்ட் பெஸ்லி 'கிளாரண்டன்' என்ற எழுத்தைக் கொண்டுவந்தார். அதில்தான் நமக்கு, குறிப்பாக மெக்கானிக்கல்காரர்களுக்கு, ஒரு பாடம் இருக்கிறது.

கிளாரண்டனில் தண்டும் பாதமும் சேரும் மூலை 90 டிகிரியாக இருக்காது. ஒரு வளைவோடு சேரும். எழுத்துக்காரர்கள் அதை 'பிராக்கெட்' என்பார்கள். நாம் அதை என்ன சொல்வோம்? ஃபில்லட்! ஷாஃப்டில் ஸ்டெப் வருகிற இடத்தில் ஏன் ஃபில்லட் ரேடியஸ் கொடுக்கிறோம்? கூர்மையான மூலையில் ஸ்ட்ரெஸ் குவிந்து அங்கேதான் விரிசல் விடும். அச்சு எழுத்திலும் அதே கதைதான். ஆயிரக்கணக்கான தடவை அழுத்தம் வாங்குகிற எழுத்தில் மெல்லிய செரிஃப் முதலில் உடையும். தடித்த பாதம், வளைந்த மூலை என்றால் தாங்கும்.

வெளி நுனிகளையும் உருட்டிவிட்டால் உருண்டை ஸ்லாப் ரெடி. இதிலும் ஒரு ஒர்க் ஷாப் நியாயம் இருக்கிறது. சுழலும் கட்டரால் உள்மூலையைக் கூர்மையாக வெட்டவே முடியாது. கட்டரின் ரேடியஸ் அங்கே மிச்சம் நிற்கும். சி.என்.சி. லேபில் பாக்கெட் மில்லிங் போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மர எழுத்து வெட்டியவர்கள் அந்த மூலைகளைக் கடைசியில் கத்தியால் கையால் செதுக்கினார்கள். உருண்டை எழுத்துக்கு அந்த உபத்திரவம் குறைவு. 1922-ல் சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்த 'கூப்பர் பிளாக்' நுனியெல்லாம் ஊதிய பூரி மாதிரி இருக்கும். அது சுத்தமான ஸ்லாப் அல்ல என்றாலும், உருண்டைக் கொட்டை எழுத்து என்றால் உலகம் முழுக்க அதைத்தான் காட்டுவார்கள். 1974-ல் வந்த 'அமெரிக்கன் டைப்ரைட்டர்' அசல் உருண்டை ஸ்லாப். டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஒல்லியான 'ஐ' அந்த அகலத்தில் தனியாக நின்றால் பொக்கையாகத் தெரியும், அதனால் அதற்கு நீளமான பாதம் வைத்தார்கள். அந்தப் பாதங்களை அப்படியே எடுத்து அழகாக்கியதுதான் இந்த எழுத்து.

சரி, ஆங்கிலக் கதை போதும். நம் ஊருக்கு வருவோம்.

சுற்றுலா பேனருக்குப் பிறகு நான் வெட்கத்தோடு மாமாவிடம் போனேன். விடுமுறையில் கூடவே வேலைக்கு வா என்றார். முதல் வேலை, ஒரு கடைக்கு 'மரக்காணம்' என்று ஊர்ப்பெயர் எழுதுவது. நான் இன்டர்நெட்டில் பார்த்த ஸ்லாப் எழுத்தை மனதில் வைத்துக்கொண்டு, நிற்கிற ஒவ்வொரு கோட்டுக்கும் அடியில் கட்டையாக ஒரு பாதம் வைத்துச் சாக்பீஸில் வரைந்தேன். மாமா தள்ளி நின்று பார்த்தார். "படி மாப்ள" என்றார். "மரக்காணம்" என்றேன். "நல்லாப் படி." மறுபடி பார்த்தேன். 'மரக்கரணம்' என்று இருந்தது!

"கால்ல செருப்பு மாட்டிட்டே மாப்ள. நம்ம கால் வெறுங்காலாத்தான் நிக்கணும்" என்றார் மாமா.

நண்பர்களே, இந்த ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. துணைக்கால் என்கிற 'ா', எழுத்து 'ர' ஆகிய இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? அடியில் சாய்ந்திருக்கும் ஒரே ஒரு சின்னக் கோடு. அது இருந்தால் 'ர'. இல்லாவிட்டால் கால். ஆங்கிலத்தில் பாதம் வைப்பதும் எடுப்பதும் அலங்காரம். வைத்தாலும் எடுத்தாலும் 'எச்' 'எச்'தான். தமிழில் பாதம் என்பதே எழுத்து. காலுக்குப் பாதம் வைத்தால் வேறு எழுத்தாகிவிடும். 'பாடம்' 'பரடம்' ஆகும், 'காற்று' 'கரற்று' ஆகும். (ரி, ரீ, ர் மூன்றையும் பழைய அச்சுகளில் பாதமில்லாமலே பார்த்திருப்பீர்கள். மேலே விசிறியோ புள்ளியோ வந்துவிட்டால் அது கால் அல்ல என்று புரிந்துவிடும், அதனால் அங்கே விட்டுவிட்டார்கள். அந்தச் சலுகை வெறும் 'ர'வுக்குக் கிடையாது.)

அப்படியானால் தமிழில் கொட்டை எழுத்துக்குப் பலம் எங்கிருந்து வரும்? பாதத்திலிருந்து வராது. கோட்டின் தடிப்பிலிருந்தும், உருண்ட நுனியிலிருந்தும், முக்கியமாக எழுத்துக்குள் விடுகிற வெற்றிடத்திலிருந்தும் வர வேண்டும். அந்த வெற்றிடத்தை மாமா 'கண்' என்பார். "எழுத்துக்குக் கண்ணு தெறந்திருக்கணும்" என்பது அவர் வேதம். ட, ப, ய போன்றவை திறந்த எழுத்துகள், அவற்றை எவ்வளவு வேண்டுமானாலும் கொழுக்க வைக்கலாம். க, த, வ, ல, ம, அ போன்றவற்றில் மூடிய கண் உண்டு. அவை கொழுத்தால் குருடாகிவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். என் பேனரில் 'ம' எட்டு இன்ச் அகலம். அதில் குறுக்காக ஒரு நூல் பிடித்தால் மூன்று நிற்கும் கோடுகளை வெட்டும். இரண்டரை இன்ச் வீதம் மூன்று கோட்டுக்கு ஏழரை இன்ச் போய்விட்டது. மிச்சம் அரை இன்ச். அதை இரண்டு இடைவெளிக்குப் பங்கு போட்டால் கால் இன்ச் வீதம்! அது எப்படித் தூரத்தில் தெரியும்? தடிப்பை ஒன்றரை இன்ச்சாக வைத்திருந்தால் கோடுகளுக்கு நாலரை போக, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்றே முக்கால் இன்ச் கிடைத்திருக்கும். இடைவெளி கோட்டைவிடக் கொஞ்சம் அதிகம். அதுதான் சரி. 'ண' வந்தால் நூல் நாலைந்து கோடுகளை வெட்டும், அதற்கு அகலத்தைக் கூட்ட வேண்டும், அல்லது அந்த எழுத்தில் மட்டும் கோட்டை இளைக்க வைக்க வேண்டும். ஒரு சொல்லில் எந்த எழுத்து அதிக நெரிசலோ அதை முதலில் வரைந்து, அதன் தடிப்பையே மற்றவற்றுக்கும் அளவாக வைப்பது மாமாவின் வழக்கம். 'மரக்காணம்' எழுதும்போது அவர் 'ம'வில் தொடங்க மாட்டார். நடுவில் போய் 'ண'வை வரைந்துவிட்டுத்தான் திரும்பி வருவார். பார்க்கிறவர்கள் இவருக்குத் தமிழ் தெரியாதோ என்று நினைப்பார்கள்.

கண்ணுக்கு அடுத்தது புள்ளி. தடித்த எழுத்தில் புள்ளியும் பெருக்கும். பெருத்தால் எழுத்தின் தலையில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டால் அது புள்ளியல்ல, எழுத்துக்கு வந்த கட்டி. எங்கள் ஊர் பூமீசுவரர் கோயில் சுவரில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள், எகர ஏகார வித்தியாசமும் பார்த்ததும் தெரியாது. படிக்கத் தெரிந்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்வார். பிறகு பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொம்புக்கு மேல்சுழி கொடுத்து ஏகாரத்தைப் பிரித்தார் என்று படித்திருக்கிறோம். அவர் சிரமப்பட்டு வைத்த சுழியைத்தான் நான் ஒரு ராத்திரியில் பெயிண்ட் ஊற்றி அடைத்தேன்!

தரங்கம்பாடியில் 1713-ல் அச்சகம் வந்தபோது இதற்கு நேர்மாறான கஷ்டம். ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தை விழுங்கின. அதனால் பொறையாறில் சிறிய எழுத்து வார்த்தார்கள். எழுத்து சிறுத்தாலும் கொழுத்தாலும் முதலில் சாவது கண்தான். 1978-ல் தமிழக அரசு கொண்டுவந்த எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்தக் கோணத்தில் பார்க்கலாம். பெரியார் 1935-லிருந்து 'குடி அரசு' பத்திரிகையில் பயன்படுத்திய முறைதான் அது. ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் பழைய சுழித்த வடிவங்கள் போய், சாதாரணக் காலும் இணைக்கொம்பும் வந்தன. அச்சுக் கோப்பவருக்கு அறை குறைந்தது. போர்டு எழுதுபவருக்கு நெரிசல் குறைந்தது. மாமாவின் குரு மட்டும் கடைசி வரை துதிக்கை வைத்த 'லை'தான் எழுதினாராம். "யானை இல்லாம லை எப்படிடா?" என்பாராம். அந்தத் துதிக்கை அழகுதான், நானும் மறுக்கவில்லை.

இதெல்லாம் அழகு சம்பந்தப்பட்ட விஷயம் என்று நினைத்து நீங்கள் பக்கத்தைப் புரட்டிவிடாமல் இருக்க, இப்போது எங்கள் வீட்டு விஷயம் ஒன்று சொல்கிறேன்.

எங்கள் நைனா உப்பளத்தில் வேலை செய்கிறார். பாத்தியில் நின்று வாருபலகையால் உப்பு வாரிக் கரை சேர்ப்பது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து மேலே வந்த முதல் ஆள் நான்தான். நைனாவுக்குத் தமிழ் எழுத்து படிக்க வராது. எண்கள் மட்டும் சுத்தமாகத் தெரியும், மூட்டைக் கணக்கு வைக்க வேண்டுமே. வெள்ளை உப்பின் மேல் விழுகிற வெயில் கண்ணில் திருப்பி அடித்து அடித்து, வலது கண்ணில் சதை வளர ஆரம்பித்தது. உப்பளத்துக்காரர்கள் பலருக்கு இருப்பதுதான். டீக்கடையில் கண் பரிசோதனை முகாம் என்று ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். யார் ஒட்டியது என்பது இங்கே வேண்டாம். டீக்கடைக்காரர் வாசித்துச் சொன்னார், தேதியை நைனாவே பார்த்துக்கொண்டார். 6-ஆம் தேதி என்று. அன்று வேலைக்குப் போகாமல், பஸ் ஏறிப் போனார். அங்கே ஒரு ஈ, காக்கா இல்லை. முகாம் 8-ஆம் தேதி! ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு நாளில் இன்னொரு நாள் கூலியையும் விட அவருக்கு மனசு வரவில்லை. அடுத்த முகாம் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் சதை கருவிழி ஓரம் வரை வந்துவிட்டது.

நான் அந்த நோட்டீஸைக் கிழித்து வந்து பார்த்தேன். நம் ஆட்கள் கம்ப்யூட்டரில் செய்கிற வேலைதான். ஏற்கெனவே தடித்த ஒரு ஃபாண்டை எடுத்து, அதன் மேல் 'போல்ட்' பட்டனையும் தட்டியிருக்கிறார்கள். தடித்த வடிவம் தனியாக வரையப்படாத ஃபாண்டில் அந்தப் பட்டனைத் தட்டினால், கம்ப்யூட்டர் எழுத்தின் விளிம்பை உள்ளும் புறமும் கண்மூடித்தனமாக ஊத வைக்கும். வெளியே ஊதினால் பக்கத்து எழுத்தை இடிக்கும். உள்ளே ஊதினால் கண்ணை அடைக்கும். அதை ஜெராக்ஸ் எடுத்து, ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மை பரவும். கடைசியில் 8-ன் இரண்டு கண்ணும் 6-ன் ஒரு கண்ணும் ஒரே கறுப்பு உருண்டை. கண் முகாமுக்கு ஒட்டிய நோட்டீஸில் எழுத்துக்குக் கண் இல்லை! எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேனரில் நான் செய்ததும் இதே காரியம்தான் என்று உறைத்தது.

உருண்டை ஸ்லாப் எண்களில் இந்த அபாயம் இன்னும் அதிகம். 3, 6, 9 ஆகியவற்றின் வால் நுனியில் ஒரு குண்டு வைப்பார்கள். அந்தக் குண்டு உடம்பைத் தொட்டுவிட்டால் மூன்றும் எட்டாகிவிடும். ஆகவே நம் சங்க நோட்டீஸ் போடுகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: தேதி எண்ணில் குண்டு வேண்டாம், 6-ன் வாலை நன்றாகத் திறந்துவிட்ட ஃபாண்டாகப் பார்த்து எடுங்கள், போல்ட் பட்டனைத் தொடாதீர்கள். தடிப்பு வேண்டுமானால் தடிப்பாகவே வரைந்த ஃபாண்ட் எடுங்கள். தமிழில் அப்படி இப்போது கிடைக்கிறது. மும்பையின் ஏக் டைப் என்ற குழு பல இந்திய எழுத்துமுறைகளுக்கும் சேர்த்து வரைந்த 'பலூ' குடும்பத்தில் தமிழுக்கு 'பலூ தம்பி' என்று ஒன்று 2016-ல் வந்தது. இலவசம்தான். அதில் பாதம் கிடையாது, ஸ்லாப் கிடையாது. உருண்டு திரண்ட தடி எழுத்து, ஆனால் கண் திறந்திருக்கும். மாமாவிடம் மொபைலில் காட்டினேன். வெகுநேரம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "பிரஷ் புடிச்சவன் பக்கத்துல உக்காந்தவன்தான் போட்டிருக்கான்" என்றார். அவர் வாயிலிருந்து வருகிற உச்சபட்சப் பாராட்டு அது.

அவ்வளவு வம்பு என்றால் மெல்லிய எழுத்தே போதாதா என்று சிலர் கேட்கலாம். உப்பளத்தில் போதாது. சித்திரை வெயிலில் பாத்திகளுக்கு நடுவே நின்று பாருங்கள். சுற்றிலும் வெள்ளை. வெளிச்சமான பின்னணி கண்ணுக்குள் பரவி, கறுப்புக் கோட்டின் ஓரங்களை அரித்துவிடும். கோடு உண்மையில் இருப்பதைவிட மெல்லியதாகத் தெரியும். அங்கே கொட்டை எழுத்து ஆடம்பரமல்ல, அவசியம். உயரத்துக்குப் போர்டு எழுதுபவர்களிடம் ஒரு கணக்கு உண்டு: பத்து அடி தூரத்துக்கு ஒரு இன்ச். எண்பது அடி தள்ளி நிற்பவனுக்கு எட்டு இன்ச் எழுத்து.

இந்த வருஷ முகாமுக்கு நோட்டீஸை நம்ப வேண்டாம் என்று, உப்பளத்துக்குப் போகிற மண்பாதையில் நிரந்தரமாக ஒரு தகர போர்டு வைக்கலாம் என மாமாவும் நானும் இறங்கியிருக்கிறோம். 'கண் பரிசோதனை முகாம்' என்று மேலே. கீழே தேதி மட்டும் ஒவ்வொரு தடவையும் மாற்றி எழுதுகிற மாதிரிக் கறுப்புப் பலகை. இந்த மூன்று சொற்களில் நான் இதுவரை சொன்ன எல்லா வம்பும் இருக்கிறது. ண-வில் புள்ளி, ரி-யில் விசிறி, சோ-வில் மேல்சுழியும் காலும், னை-யில் நெரிசல், கா-வில் வெறுங்கால். தகரத்துக்கு முதலில் ரெட் ஆக்ஸைடு இரண்டு கோட் அடித்தோம், உப்புக் காற்றில் இல்லாவிட்டால் ஆறு மாதம் தாங்காது. அதன் மேல் மங்கலான மஞ்சள், வெள்ளை வேண்டாம் என்றார் மாமா, வெள்ளை கூசும். எழுத்து கறுப்பு, தடிப்பு ஐந்தில் ஒரு பங்கு. நுனியெல்லாம் உருட்டி. பாதம் எதற்கும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை போர்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கரையில் சாய்த்து வைத்தோம். நைனாவை மூன்று பாத்திக்கு அப்பால் நிற்க வைத்தோம். ஆபரேஷன் ஆன கண்ணுக்குப் பச்சைக் கண்ணாடி போட்டிருந்தார். சோதனைக்காகத் தேதிப் பலகையில் 16 என்று எழுதி, "இன்னா நம்பர் நைனா?" என்று கத்தினேன்.

"பதினாறு" என்றார், கொஞ்சமும் யோசிக்காமல். அழித்துவிட்டு 18 எழுதினேன். "பதினெட்டு" என்றார்.

அப்புறம் கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, மொதல் வரியில ரெண்டாவது எழுத்து தலைமேல ஈ மாதிரி ஒண்ணு உக்காந்திருக்கே, அது இன்னாது?"

நான் பதில் சொல்வதற்குள் மாமா பிரஷ்ஷை மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டுவிட்டார். "ஈ தனியாத் தெரியுதில்ல? அப்ப முடிஞ்சுது மாப்ள, எடு கடப்பாரையை. குழி தோண்டு."